மாமாவின் மருந்துக்கு நாளுக்கு 60 கிராம்: வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள்?

ஒன்ராறியோவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டும் மாற்றியும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கும் கணவருக்கும் குடியிருக்கும் வீட்டைத் தவிர ஒஷாவாவில் இன்னொரு வீடு இருக்கிறது. வாடகைக்கு விடுவதற்காக வாங்கியது. மோர்ட்கேஜ் புதுப்பித்தபோது வட்டி ஏறி, மாதக் கட்டுக்காசு வாடகையைத் தாண்டிவிட்டது. இருந்த குடும்பமும் வேறிடம் போய்விட, வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் கணவரின் நண்பர் ஒருவர் வந்திருக்கிறார். "மெடிக்கல் கஞ்சா வளர்க்க வீடு தேவை. எல்லாம் ஹெல்த் கனடா லைசென்ஸோடதான். மாதம் 5,500 டொலர், கையில காசாகவே தருவம்" என்கிறார். ஹெல்த் கனடா என்பது மத்திய அரசின் சுகாதாரத் துறை. நோயாளியின் மருந்துக்காக அவரோ அவருக்காக இன்னொருவரோ செடி வளர்க்க அது கொடுக்கும் அனுமதியைத்தான் பதிவு என்கிறார்கள். நான்கு நோயாளிகளின் பெயரில் நான்கு பதிவுகள் எடுப்பார்களாம். அதில் ஒரு பெயர் சகோதரியின் மாமாவுடையது. மாமாவுக்கு 76 வயது. சர்க்கரை வியாதியால் காலில் நரம்பு எரிவு. குடும்ப மருத்துவரிடம் கேட்டு, அனுமதி பெற்ற கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெயில் இரவில் சில துளி எடுக்கிறார். அதன் பிறகுதான் ஒழுங்காக நித்திரை கொள்கிறார். நண்பர் ஏற்பாடு செய்த வீடியோ அழைப்பில் வேறொரு மருத்துவர் பத்து நிமிடம் கதைத்து, நாளுக்கு 60 கிராம் என்று மருத்துவ ஆவணம் அனுப்பியிருக்கிறார். செடி வளர்ப்பவராகச் சகோதரியின் தம்பியின் பெயரைப் போடுவார்களாம், அவருக்கு மாதம் 2,000 டொலர். தம்பி பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர், இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்து வைத்துவிட்டார். சகோதரி வைக்கவில்லை.

அவர் கேட்பது இவ்வளவுதான்: "லைசென்ஸ் இருந்தால் சட்டப்படியான வேலைதானே? பொலிஸ் வந்தால் காகிதத்தைக் காட்டினால் திரும்பிப் போய்விடுவார்களாம், உண்மையா? நாங்கள் வாடகைக்கு விட்டவர்கள் மட்டும்தானே? இது பிழை என்றால் மாமாவின் எண்ணெயையும் நிற்பாட்ட வேண்டுமா?"

சகோதரி, கையெழுத்து வைக்காதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தில் ஒரு வயதான மனிதரின் மருந்து நின்றுவிடக்கூடாது.

மாமா ஒரு குற்றமும் செய்யவில்லை

கஞ்சாவை மருந்தாக எடுக்கும் உரிமை இந்த நாட்டில் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது அல்ல. வலிப்பு நோயால் அவதிப்பட்ட டெரன்ஸ் பார்க்கர் என்பவரின் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு மருந்தா சிறையா என்ற நிலையை அரசு உண்டாக்கக்கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே மருத்துவக் கஞ்சாவுக்கான முதல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2018 அக்டோபர் 17இல் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வயது வந்த எவரும் வாங்கலாம் என்றான பிறகும், நோயாளிகளுக்கான வழி தனியாகவே இருக்கிறது.

மாமா கடையில் வாங்குவது சட்டப்படி சரி. அதைவிட நல்ல வழியும் உண்டு. அவரை நன்றாகத் தெரிந்த குடும்ப மருத்துவர், அவருக்கு உண்மையில் தேவைப்படும் அளவை எழுதி ஒரு மருத்துவ ஆவணம் கொடுக்கலாம். அதை வைத்து ஹெல்த் கனடாவின் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் பதிந்தால் எண்ணெய் தபாலில் வீட்டுக்கு வரும். அப்படி வாங்கும் ரசீதுகளை வருமானவரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். கடையில் வாங்கியதைக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமா ஊருக்குப் போகிறவர் என்றால் அந்தப் போத்தல் இங்கேயே இருக்கட்டும். மருத்துவ ஆவணம் கையில் இருந்தாலும் கனடாவின் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவைக் கொண்டுபோவது குற்றம். அமெரிக்க எல்லையிலும் இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் இங்கத்தைய காகிதம் செல்லாது.

60 கிராம் எங்கே போகும்?

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது இந்த எண்தான். கனடாவின் முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவக் கஞ்சாச் செலவை அரசே ஏற்கிறது. அதற்குப் பொதுவாக வைத்திருக்கும் உச்ச அளவு நாளுக்கு 3 கிராம். அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்கும் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிவந்த சராசரி சுமார் 2 கிராம். 60 கிராமை அரைக் கிராம் வீதம் சுருட்டினால் ஒரு நாளைக்கு 120 சுருட்டு. மாமா எடுப்பதோ சில துளி.

செடிக் கணக்கையும் பாருங்கள். வீட்டுக்குள் வளர்ப்பதென்றால், எழுதப்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 5 செடி என்ற விகிதத்தில் ஹெல்த் கனடாவின் சூத்திரம் எண்ணிக்கையைத் தரும். 60 கிராமுக்கு 292 செடி. ஒரே முகவரியில் நான்கு பதிவுகள்வரை வைக்கலாம். நான்கும் 60 கிராம் என்றால் உங்கள் ஒஷாவா வீட்டில் 1,168 செடி. ஒரு செடி ஒரு அறுவடைக்கு 30 கிராம், ஆண்டுக்கு மூன்று அறுவடை என்றுதான் அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறைந்த கணக்கிலேயே ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் வரும். தொழில் தெரிந்தவர் அதைப்போலப் பல மடங்கு எடுப்பார்.

இவ்வளவையும் நான்கு நோயாளிகள் எடுத்து முடிக்க முடியாது. மீதியை அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு விற்கலாம் என்று நண்பர் சொல்லியிருந்தால் அது பொய். தனிப்பட்ட பதிவில் விளைந்ததை எவருக்கும் விற்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது. பதிவில் உள்ள நோயாளிக்குப் போக மிஞ்சியதை அழிக்க வேண்டும். மாதம் 5,500 வாடகையும் தம்பிக்கு 2,000மும் மின்சாரச் செலவும் அழிக்கப்படும் செடியிலிருந்து வராது என்பது உங்களுக்கே விளங்கும்.

பொலிஸின் கவலையும் நோயாளிகளின் நியாயமும்

நான் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுகிற சட்டத்தரணி. பொலிஸ் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கிற பழக்கம் எனக்கில்லை. மருத்துவக் கஞ்சா விஷயத்தில் அவர்கள் முன்பு மிகைப்படுத்தியதும் உண்டு. 2014 ஏப்ரலோடு நோயாளிகள் வீட்டில் வளர்ப்பதை அரசு முற்றாக நிறுத்தப் பார்த்தது. தீ, பூஞ்சணம், திருட்டு, கள்ளச் சந்தை என்று காரணம் அடுக்கியது. அலார்ட் வழக்கில் சமஷ்டி நீதிமன்றம் அந்த ஆதாரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பொலிஸ் தரப்பு நிபுணரின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுக்காமல், 2016 பெப்ரவரியில் அந்த ஒழுங்குவிதிகளைத் தள்ளுபடி செய்தது. பாதுகாப்பாக வளர்க்க முடியும், வசதி குறைந்த நோயாளிக்கு அது தேவை என்பதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் வீட்டில் வளர்க்கும் உரிமை மீண்டும் சட்டத்துக்குள் வந்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பொலிஸின் கவலைக்கு நியாயம் இருக்கிறது. விற்பனையாளரிடம் வாங்குவோருக்கு 2 கிராம் எழுதப்பட்ட அதே காலத்தில், தாங்களே வளர்க்கப் பதிந்தவர்களுக்கு எழுதப்பட்ட சராசரி அளவு 30 கிராமைத் தாண்டிப் போனது. ஒரே விதமான நோய்களுக்கு இப்படி ஒரு வித்தியாசம் வர மருத்துவக் காரணம் எனக்குத் தெரியவில்லை. 2020 இலையுதிர் காலத்தில் யோர்க் பிராந்தியப் பொலிஸ் 'கிரீன் ஸ்வீப்' என்ற பெயரில் நடத்திய தேடுதல்களின் முடிவை அறிவித்தபோது, குற்றக் கும்பல்கள் இந்தப் பதிவுகளைத் திரைபோலப் பிடித்துக்கொள்கின்றன என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மார்க்கம் நகரமும் அந்தப் பிராந்தியத்துக்குள்தான் இருக்கிறது, எங்கள் சனம் நிறைந்த இடம். 2021 மார்ச்சில், பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பதிவுகளை எப்போது மறுக்கலாம், ரத்துச் செய்யலாம் என்பதற்கான வழிகாட்டல் வரைவை ஹெல்த் கனடாவும் வெளியிட்டது.

மேற்பார்வையில் உள்ள இடைவெளிதான் இதற்கு வழிவிடுகிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் ஹெல்த் கனடாவின் பரிசோதகர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் நுழைய முடியாது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல பாதுகாப்பு அது. அதே பாதுகாப்புக்குள் 1,168 செடியும் ஒளிந்துகொள்கின்றன. கும்பல் பிடிபடும் ஒவ்வொரு முறையும் வீட்டில் வளர்ப்பதை நிறுத்து என்ற குரல் ஒட்டாவாவில் எழும். அது நடந்தால் நட்டப்படுவது சமையலறை ஜன்னலோரம் ஐந்து செடி வைத்திருக்கும் புற்றுநோயாளி. மாமாவைப் போன்றவர்களின் பெயரை இப்படிப் பாவிப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குவது அதனால்தான்.

காகிதத்தைக் காட்டினால் போய்விடுவார்களா?

ஐந்து செடிக்குப் பதிவு வைத்திருப்பவர் காட்டினால் பெரும்பாலும் போய்விடுவார்கள். விசாரணையில் இருக்கும் பொலிஸார் ஒரு முகவரிக்குப் பதிவு உண்டா, எத்தனை செடிக்கு என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஹெல்த் கனடாவில் 24 மணி நேரமும் இயங்கும் தொலைபேசி இணைப்பு இருக்கிறது. உண்மையான நோயாளியை அது காக்கும். உங்கள் நண்பர் சொல்லும் வீட்டில் அதே இணைப்பு எதிராக வேலை செய்யும்.

இப்படியான வழக்குகளில் அரசதரப்பு எங்களுக்குத் தரும் படங்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பேஸ்மென்ட் கதவுக்குப் பக்கத்தில் நான்கு பதிவுப் பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். படியில் இறங்கினால் ஜன்னல் முழுவதும் கறுப்புத் தாள். மேல்மாடி அறைகளின் தரையை வெட்டிக் காற்றுக் குழாய் இறக்கியிருப்பார்கள். சுவரின் கீழ்ப்பாதி பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருக்கும். மின்சாரம் கணக்கில் ஏறாமல் இருக்க, மின்மானிக்கு முன்னால் நிலத்தைத் தோண்டிக் கம்பி இழுத்திருப்பார்கள். அடுத்த அறையில் காற்று உறிஞ்சி அடைத்த பைகள், தராசு, காசு எண்ணும் இயந்திரம். பத்திரத்தில் உள்ள எண்ணுக்கும் நிலத்தில் நிற்கும் செடிக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் படத்தைப் பார்க்கும் நீதிபதியிடம் பத்திரம் ஒரு பாதுகாப்பாக நிற்காது. யார் யார் இதில் இருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலாகத்தான் நிற்கும்.

அனுமதிக்கு மேல் வளர்த்தல், விற்பதற்காக வைத்திருத்தல் ஆகிய குற்றங்களுக்குக் கஞ்சாச் சட்டத்தில் உச்ச தண்டனை 14 ஆண்டு. கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது, தண்டப்பணம் கட்டினால் முடிந்தது என்று நம் ஆட்களிடையே ஒரு கதை ஓடுகிறது. 30 கிராம் வைத்திருப்பவருக்கும் வீட்டில் நாலு செடி வளர்ப்பவருக்கும்தான் சட்டம் வழிவிட்டது.

"நாங்கள் வாடகைக்கு விட்டவர்கள் மட்டும்தானே?"

வாடகைக்கு விட்டவர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. உள்ளே நடப்பது தெரிந்து உதவினார், அல்லது சந்தேகம் இருந்தும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்று நிறுவினால் ஆக்கலாம். சந்தையில் கிடைக்கும் வாடகையைவிட மிக அதிகம், அதுவும் கையில் காசாக, மாமாவின் பெயரில் 60 கிராம், தம்பி வளர்ப்பவர். இத்தனையும் ஒரே குடும்பத்தில் இருக்க, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சாட்சிக் கூண்டில் சொன்னால் நம்புவது கடினம். எனக்கு நீங்கள் எழுதிய கடிதமே உங்களுக்குச் சந்தேகம் இருந்ததற்குச் சான்று.

குற்றச்சாட்டே வராவிட்டாலும் வீடு போகலாம். ஒன்ராறியோவில் 2001ஆம் ஆண்டின் சிவில் பரிகாரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டவிரோதச் செயலுக்குப் பாவிக்கப்பட்ட சொத்தைப் பறிமுதல் செய்யும்படி சட்டமா அதிபர் சிவில் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அங்கே ஒருவரும் தண்டிக்கப்பட்டிருக்கத் தேவையில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டியதில்லை, நடந்திருக்கவே அதிகம் வாய்ப்பு என்று காட்டினால் போதும். பொறுப்புள்ள சொந்தக்காரருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தன் சொத்து அப்படிப் பாவிக்கப்படாமல் தடுக்க நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்தேன் என்று அவர் காட்ட வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு அதைக் காட்ட முடியாது.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் வளர்த்தால், தீப்பிடித்த அன்று அவர்கள் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். மோர்ட்கேஜ் ஒப்பந்தத்திலும் இதற்கு எதிரான நிபந்தனை இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பிறகு மனம் மாறி அவர்களை எழுப்ப நினைத்தாலும் பூட்டை மாற்றிவிட்டு வர முடியாது. வாடகைக்காரர் என்ற முறையில் அவர்களுக்கும் உரிமை உண்டு. வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தம்பியின் பி.ஆர்.

கடிதத்தில் தம்பியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் கவலை. 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் பி.ஆர். ஒருவர் தண்டிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாக எடுக்கிறது. அவருக்கு உண்மையில் எவ்வளவு தண்டனை கிடைத்தது என்பதை அது முதலில் பார்ப்பதில்லை. கஞ்சா வளர்ப்புக்கு உச்சம் 14 ஆண்டு. ஆகவே ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் தண்டப்பணத்தோடு வெளியே வந்தாலும் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லாமல் போகும். குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும் காலத்தில் குடியுரிமையும் எடுக்க முடியாது.

காசு போட்டவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. தேடுதல் நடக்கும் நேரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பவர் உங்கள் தம்பியாக இருப்பார். பத்திரத்தில் வளர்ப்பவர் என்று இருப்பதும் அவருடைய பெயர். மாதம் 2,000 டொலருக்கு அவர் கொடுக்கப்போவது தன் பெயரை.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை

கணவர் கையெழுத்து வைத்த படிவம் இப்போது எங்கே என்று பாருங்கள். மேசையில்தான் இருக்கிறதா, வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டாரா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் சம்மதத்தை மீளப் பெறுவதாக ஹெல்த் கனடாவுக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

60 கிராம் ஆவணத்தை மாமா எங்கும் சமர்ப்பிக்கக்கூடாது. அவர் பெயரில் விண்ணப்பம் ஏற்கெனவே போயிருந்தால் அதை விலக்கும்படி அவரே கேட்கலாம். ஒன்றை மட்டும் அவரிடம் தனியே, பயமுறுத்தாமல் கேளுங்கள்: வீடியோவில் அந்த மருத்துவரிடம் நோயைப் பற்றி நண்பர் சொல்லித்தந்ததைச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா? உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் கவலைப்பட ஒன்றுமில்லை. இல்லாததைச் சொல்லியிருந்தால், எவருக்கும் எழுதுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போங்கள். அங்கே சொல்வது வெளியே போகாது.

நண்பரிடம் "இன்சூரன்ஸும் மோர்ட்கேஜும் விடாது, எங்களால் ஏலாது" என்று சொன்னால் போதும். விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. பொலிஸுக்குச் சொல்லுவேன் என்று வெருட்டவும் வேண்டாம். சாவி ஏற்கெனவே கைமாறி, உள்ளே செடி நிற்கிறது என்றால் நிலைமை வேறு. நீங்களாகப் போய்ச் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள், ஆதாரத்தை அழித்ததாக அது திரும்பும். அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள். பொலிஸ் கதவைத் தட்டினால் பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள், மிச்சத்துக்குச் சட்டத்தரணியோடு கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கணவரோடு எப்படிக் கதைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அவரைப் பேராசைக்காரர் என்று நினைக்காதீர்கள். மாதம் பிறந்தால் கட்டுக்காசுக்கு என்ன செய்வது என்ற பயத்தில் இருக்கிற மனிதரிடம் ஒருவன் சரியான நேரம் பார்த்து வந்திருக்கிறான். "சட்டத்தரணி வேண்டாம் என்கிறார்" என்று மட்டும் சொன்னால் பயம் அப்படியே இருக்கும். மோர்ட்கேஜ் காகிதங்களை எடுத்துக்கொண்டு இருவரும் வங்கிக்குப் போங்கள். கடன் காலத்தை நீட்டி மாதக் கட்டுக்காசைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்கு விட்டு, மிச்சத்தைக் கையிலிருந்து போட முடியுமா என்று பாருங்கள். ஏலாது என்றால், சுவரில் பூஞ்சணம் இல்லாத வீடாக இருக்கும்போதே விற்பதும் ஒரு வழி. அந்தக் கணக்கை முடித்த பிறகு இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். தம்பியையும் கூப்பிட்டு, பி.ஆர். பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுங்கள்.